பிரமநாயகியின் கைப்பேசியைக் கணினியோடு இணைத்த விவரம்

2023 ஆகஸ்ட் 14, திங்கட்கிழமை, சோபகிருது ஆண்டு, ஆடி 29, காலை 6.10 மணி
பதிவு எண் 1. பொருள்: காலஞ்சென்ற என் மனைவியின் கைப்பேசியில் உள்ள குரல்பதிவுகள் குறித்து

என் மனைவி பிரமநாயகி இவ்வாண்டு ஜூன் 4, ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் காலமானாள். அவளுடைய கைப்பேசி அன்று முதல் என் மேசையின் இரண்டாம் இழுப்பறையில் அணைத்த நிலையில் இருந்து வருகிறது. அதைப் பற்றி நேற்று வரை எவரும் கேட்கவில்லை.

நேற்று மாலை பின்வீட்டுச் சண்முகவடிவு மதிற்சுவருக்கு மேல் தலையை நீட்டினாள். செவிலியாக இருந்து ஓய்வுபெற்றவள். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவின் செய்திகள் அனைத்தும் அவள் வழியாகவே போக வேண்டும் என்று கருதுகிறவள்.

"அண்ணாச்சி, மங்கை பேசினா. வர்ற முப்பத்தொண்ணாந் தேதி பிள்ளைக்குத் தொட்டில் போடுதாவளாம். மதினி பாடி வச்ச தாலாட்டு அந்தப் போன்லதான் கெடக்கு. அத மட்டும் கேக்கா."

மங்கையர்க்கரசி என் ஒரே மகள். 2020 பிப்ரவரி 9 அன்று தூத்துக்குடியில் ஒரு தேவாலயத்தில், என் சம்மதமின்றி, வேறு சமயத்தைச் சேர்ந்த ஒருவனை மணந்துகொண்டவள். அன்றிலிருந்து இவ்வீட்டுக்கும் அவளுக்கும் போக்குவரத்து இல்லை என்று முடிவு செய்தேன். பிரமநாயகியும் அதற்கு உடன்பட்டாள். உடன்பட்டாள் என்றே இதுவரை எண்ணியிருந்தேன். மகளுக்குக் கடந்த ஜூலை 9 அன்று பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயைப் பெற்ற பாட்டிதான் தொட்டிலில் முதல் தாலாட்டைப் பாட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இறப்புத் தீட்டை முன்னிட்டுச் சடங்கைத் தள்ளி வைத்திருந்தார்களாம்.

"தாலாட்டு இருப்பது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"மே மாசம் நான் பெங்களூர்ல மக வீட்டுல இருந்தம்லா, அப்ப மதினியே போன் போட்டுச் சொன்னா. 'பாடி வச்சிட்டேன் வடிவு, நீ வந்த பொறவு அனுப்பணும்'னா."

கோரிக்கை எழுத்து மூலமாக, தேதியும் கையொப்பமும் இட்டு வர வேண்டும் என்று தெரிவித்தேன்.

"பெத்த அப்பன்ட்ட மக மனு எழுதிப் போடணுமாக்கும்?"

"ஆம்."

"நல்ல வேளை, ஸ்டாம்பு ஒட்டச் சொல்லல" என்று சொல்லிவிட்டுத் தலையை இறக்கிக்கொண்டாள்.

2023 ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை, காலை 11 மணி
பதிவு எண் 2. மனு பெறப்பட்டது

கூரியரில் மனு வந்தது. வாசகம்: "அப்பா, அம்மா குரல் எனக்கு வேணும். நீங்க கேட்டபடி எழுதிட்டேன். மங்கை." தேதி இல்லை. அலுவலகமாக இருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். நாள் குறைவாக இருப்பதால் நானே இன்றைய தேதியை இட்டு, பக்கத்தில் என் சுருக்கொப்பமும் வைத்து ஏற்றுக்கொண்டேன். முப்பத்து நான்கு ஆண்டு அரசுப்பணியில் சுருக்கொப்பமில்லாத எந்தத் திருத்தத்தையும் நான் செல்லுபடியாக விட்டதில்லை. என்னுடையதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கைப்பேசிக்கு மின்னேற்றினேன். மின்கம்பி நுழையும் துளை தளர்ந்திருக்கிறது. பிரமநாயகி அதை ரப்பர் வளையம் போட்டுச் சுற்றி, ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்துத்தான் ஏற்றுவாள். மின்சாரம் ஏறுகிறது, ஆனால் கம்பி வழியே கணினி அதை அடையாளம் காணவில்லை. ஆகவே கம்பியில்லா முறையில்தான் மாற்ற வேண்டும். திரைப்பூட்டு இல்லாததால் அவ்வகையில் சிரமமில்லை. இவ்வீட்டில் ஒருவருக்கொருவர் பூட்டு வைத்துக்கொள்ளத் தேவையில்லை என்று 2021இலேயே அதை எடுக்கச் செய்திருந்தேன்.

வாட்சப்பில் அனுப்பினால் ஒரு நிமிட வேலை என்று சண்முகவடிவு சொன்னாள். மகளின் எண் என்னிடம் இல்லை, வைத்துக்கொள்ளவும் எண்ணமில்லை என்றேன். "எங்கிட்ட இருக்கே, நான் போட்டுவிடுதேன்" என்றாள். குடும்பப் பொருளைப் பிறர் கையில் கொடுப்பதில்லை என்று பதில் சொல்லி உள்ளே வந்துவிட்டேன்.

எரிவாயு உருளைக்குப் பதிவு செய்தேன்.

2023 ஆகஸ்ட் 18, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 3 மணி
பதிவு எண் 3. முதல் முயற்சி

மடிக்கணினியில் புளூடூத்தை இயக்கினேன். சுற்றுவட்டத்துக் கருவிகளின் பெயர்கள் திரையில் வந்தன. அவற்றுள் ஒன்று "மங்கை அம்மா". யாருடையதென்று விளங்காமல் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பிரமநாயகியின் கைப்பேசியை அணைத்துப் பார்த்தேன். அந்தப் பெயர் மறைந்தது. தன் கருவிக்கு அவளே வைத்த பெயர் அது. ஆவுடைநாயகத்தின் மனைவி என்று நாற்பத்து மூன்று ஆண்டுகள் அறியப்பட்டவள்.

இரு திரைகளிலும் ஒரே எண் தோன்றியது. ஒப்பிட்டுப் பார்த்து இரண்டிலும் சம்மதம் கொடுத்தேன். "இணைக்கப்பட்டது" என்று வந்து, மூச்சுவிடும் நேரத்தில் "இணைப்பு துண்டிக்கப்பட்டது" என்று மாறியது. திரும்பச் செய்தாலும் அதுவே. வைஃபை வழியாகச் செய்ய முயன்றேன். இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும் என்று கணினி சொல்கிறது. இவ்வீட்டில் வைஃபை ஒன்றுதான் இருக்கிறது. பிறகு எப்படி வேறுவேறாக இருக்கும் என்று விளங்கவில்லை.

இதற்கிடையே பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது.

2023 ஆகஸ்ட் 19, சனிக்கிழமை, பிற்பகல் 1 மணி
பதிவு எண் 4. கடைக்காரரின் ஆய்வு

இரு கருவிகளையும் எடுத்துக்கொண்டு முருகன்குறிச்சியில் உள்ள கணினிப் பழுதுபார்க்கும் கடைக்குப் போனேன். கடை நடத்துபவர் பெயர் பீர்முகமது, நாற்பது வயதிருக்கும். வாயில் எதையோ மென்றுகொண்டே பேசினார்.

"சார், இந்தப் போன் உங்க வீட்டு வைஃபையில ஒரு நாளும் சேர்ந்ததே இல்லையே. பாஸ்வேர்டு போட்ட தடமே இல்ல."

கடவுச்சொல்லை நான் அவளுக்குக் கொடுக்கவில்லை. அவளுக்குத் தேவையிருக்கவில்லை, அவள் எண்ணுக்கு இணைய வசதியும் போடவில்லை என்றேன்.

"ஆனா வேற ஒரு வைஃபை பதிஞ்சு கெடக்கு. 'வடிவு இல்லம்'னு. அது யாரு?"

பின்வீடு என்று மட்டும் சொன்னேன்.

"அதான் சார் சங்கதி. உங்க வீட்டுல இத ஆன் பண்ணுன ஒடனே அது ஓடிப் போயி அந்த வீட்டு வைஃபையிலதான் ஒட்டிக்கிடும். கம்ப்யூட்டர் உங்க வைஃபையில இருக்கும். ஒண்ணுக்கொண்ணு எப்படிப் பார்க்கும்? பக்கத்துப் பக்கத்து ரூம்ல இருந்தாலும் அது வேற ஊரு, இது வேற ஊரு." தானே சிரித்துக்கொண்டார். "புளூடூத்துக்கு வேற சோலி. நீங்க கம்ப்யூட்டர்ல 'கோப்பைப் பெறு'ன்னு மொதல்ல தொறந்து வச்சிட்டுத்தான் போன்லேர்ந்து அனுப்பணும். கதவத் தொறக்காம விருந்தாளி வரலியேன்னா?"

அங்கேயே எடுத்துத் தருவதாகச் சொன்னார். "ரெண்டு நிமிஷம் சார். டீ குடிக்க முந்தி முடிஞ்சிரும்." என் மனைவியின் குரலைக் கடைத்தெருவில் வைத்துத் திறப்பது முறையன்று என்று மறுத்தேன். அவர் ஓர் இணையப் பக்கத்தைத் தமிழில் அச்சிட்டுக் கொடுத்தார். தலைப்பு: இணைப்புச் சிக்கல்களைத் தீர்க்க எட்டு வழிமுறைகள். கொடுக்குமுன் சிவப்புப் பேனாவால் எட்டாவதை அடித்தார்.

"இத மட்டும் தொட்டுராதிய சார். போனை மொதமொதல்ல வாங்குன மாரி ஆக்கிரும். கழுவி ஊத்துனாப்ல. ஒரு பாட்டு, ஒரு போட்டா மிஞ்சாது."

குறித்துக்கொண்டேன்.

2023 ஆகஸ்ட் 20, ஞாயிற்றுக்கிழமை, காலை 9 மணி
பதிவு எண் 5. சண்முகவடிவின் ஒப்புதல்

மதிலருகே அழைத்துக் கேட்டேன். அவள் மறைக்க முயலவில்லை.

"ஆமா, குடுத்தேன். துணி துவைக்கிற கல்லுலதான் சிக்னல் நல்லாக் கிட்டும். நீங்க காலையில பேப்பர விரிச்சதும் மதினி வாளியத் தூக்கிட்டு வந்திருவா. மூணு வருசமாத் தெனமும் மகளப் பார்த்துப் பேசியிருக்கா. துவைச்ச துணிய மறுக்க மறுக்கத் துவைப்பா, பேச்சு முடியுற வரைக்கும்."

என் சட்டைகளின் கழுத்துப் பட்டைகள் விரைவில் நைந்து போவதற்குச் சோப்பைக் காரணமாக நினைத்து இரண்டு முறை கடைக்காரரோடு வாதிட்டிருக்கிறேன்.

"மே மாதம் நீ ஊரில் இல்லை. உன் வைஃபை?"

"மோடத்த அமத்திட்டுல்லா போனேன், மதினி செத்த பொறவுதான வந்தேன். அதான் அண்ணாச்சி என் வயித்தெரிச்சல். கரண்டு பில்லு மிச்சம்னு நெனைச்சேன், மூதி. அத எரிய விட்டிருந்தா எல்லாம் அன்னைக்கே மங்கைக்குப் போயிருக்கும். உங்க வாசல்ல அவ இப்படி நிக்கண்டாம்."

அழுதாள். நான் உள்ளே வந்து முதல் வழிமுறையின்படி கைப்பேசியில் "வடிவு இல்லம்" என்பதைத் தேர்ந்து "மறந்துவிடு" என்ற கட்டளையைக் கொடுத்தேன். எவ்விதத் தடையுமின்றி மறந்துவிட்டது. என் வைஃபையின் கடவுச்சொல்லை முதன்முறையாக அக்கருவியில் இட்டேன்.

மதிலை இரண்டடி உயர்த்தக் கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன்.

2023 ஆகஸ்ட் 23, புதன்கிழமை, பிற்பகல் 2 மணி
பதிவு எண் 6. மனுதாரர் நேரில் வந்தது

முன்னறிவிப்பின்றி மங்கை வந்தாள். கைக்குழந்தையோடு, தூத்துக்குடியிலிருந்து பேருந்தில். அவளுடைய கணவன் தெருமுனையில் நின்றுகொண்டான். அந்த அளவுக்கு அவனுக்கு விவரம் தெரிந்திருக்கிறது. கார் நிறுத்தும் கொட்டகையில் நாற்காலி போட்டு அமரச் சொன்னேன். உள்ளே கொத்தனாரின் சிமெண்ட் மூட்டைகள் இருந்தன என்பதையும் பதிவு செய்கிறேன்.

"அப்பா, நல்லாருக்கியளா? மெலிஞ்சிட்டிய."

"மனு பரிசீலனையில் இருக்கிறது" என்றேன்.

"போனக் குடுங்கப்பா. இங்கனயே, உங்க கண்ணு முன்னாலயே எனக்கு அனுப்பிக்கிடுதேன். ரெண்டு நிமிஷம்."

கைப்பேசி என் பெயரில் வாங்கப்பட்டது, அதிலுள்ளவற்றை முதலில் என் கணினிக்குப் படியெடுத்து, சரிபார்த்த பின்புதான் எதுவும் வெளியே போகும் என்று விளக்கினேன்.

"என்னத்தச் சரிபார்க்கணும்? அம்மா பாடினத நீங்க திருத்தப் போறியளா?"

நடைமுறை அதுதான் என்றேன்.

"சரி, வேண்டாம். ஒரே ஒரு பாட்டு. இவ காதுல ஒரு தரம் கேட்டா போதும். நான் பஸ் ஏறிருதேன்."

குழந்தை அழத் தொடங்கியது. மதிலுக்கு மேலிருந்து சண்முகவடிவு கத்தினாள். "ஏன் அண்ணாச்சி, வெயில்ல வந்த பிள்ளை, சோறு கேட்டாளா, சொத்து கேட்டாளா? செத்தவ தொண்டைக்குமா நீங்க காவல்?"

கொத்தனார் சாந்து குழைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். வேலையைப் பார்க்கச் சொன்னேன்.

மங்கை குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். நெற்றியும் மூக்கும் பிரமநாயகியுடையவை. அதாவது குழந்தைக்கு. "பேரு கேக்க மாட்டியளாப்பா?" என்றாள். மனுவில் அது குறிப்பிடப்படவில்லை.

இறுதியில் அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன். பணி முடிந்ததும் கைப்பேசியையே, ஆகஸ்ட் 30க்குள், அவளுக்கு அனுப்பி வைப்பேன். "சத்தியமாவா?" என்று சின்ன வயதில் கேட்பதுபோல் கேட்டாள். நான் கொடுத்த வாக்கைத் தவறியதில்லை என்று அவளுக்கே தெரியும். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அது போதும்பா. நீங்க சொன்னா செஞ்சிருவிய" என்றாள்.

தண்ணீர் கொடுத்தேன்.

2023 ஆகஸ்ட் 24, வியாழக்கிழமை, காலை 10.30 மணி
பதிவு எண் 7. இணைப்பு கிடைத்தது

"கோப்பைப் பெறு" என்பதைக் கணினியில் முதலில் திறந்து வைத்தேன். கடைக்காரர் சொன்னது சரி. முதல் முயற்சியிலேயே இணைப்பு நிலைத்தது.

குரல்பதிவுகள் ஒன்பது. எட்டின் பெயர் "பாப்பாவுக்கு" என்றும் அதன்பின் ஓர் எண்ணும். கடைசிப் பதிவின் தேதி ஜூன் 3, பெயர் "அவியளுக்கு".

"அவியள்" என்பது யாரைக் குறிக்கிறது என்று பதிவில் இல்லை. பிரமநாயகி பேச்சில் என்னை அப்படிக் குறிப்பிடுவதுண்டு. ஆனால் அது மரியாதைக்குரிய எவருக்கும் பொருந்தும் சொல். பெறுநர் யார் என்று உறுதிப்படாத ஒன்றைத் திறப்பது முறையன்று. திறக்கவில்லை.

சோதனைக்காக, எட்டாம் எண்ணிட்ட பாப்பா பதிவை மட்டும் கணினிக்கு அனுப்பினேன். வந்து சேர்ந்தது. சோதனை முழுமையாக இருக்க வேண்டும் என்பதால் இறுதி வரை கேட்டேன். குரல் தெளிவாக உள்ளது. நடுவில் குக்கர் சத்தம். முதற்பகுதி தாலாட்டு, அதில் ஓர் அடி: "பாளையங்கோட்டைத் தாத்தா பட்டுச்சட்டை கொண்டு வாராக, கோவமெல்லாம் தீந்து போயி கொஞ்சி எடுக்க வாராக." இது உண்மைக்கு மாறானது. அப்படி எதையும் நான் எவரிடமும் சொன்னதில்லை.

பிற்பகுதி பாட்டன்று, மங்கையிடம் பேசும் பேச்சு. அதை இங்கே எழுத வேண்டிய தேவையில்லை.

2023 ஆகஸ்ட் 25, வெள்ளிக்கிழமை, காலை 7 மணி
பதிவு எண் 8. விளக்கம்

ஓமத் திராவகம் வாயுத் தொல்லைக்கு உகந்தது. இதை மருத்துவர்களே சொல்கிறார்கள்.

"நெஞ்சுல கல்லத் தூக்கி வச்சாப்ல இருக்கு மங்கை, இடது கையெல்லாம் இழுக்கு. அவியட்ட சொன்னேன். வாயுங்காவ, ஓமத் திராவகத்தக் குடிக்கச் சொல்லுதாவ" என்று பிரமநாயகி அந்தப் பதிவில் சொல்வதில் மிகை இருக்கிறது. கல் என்று என்னிடம் சொல்லவில்லை. கனம் என்றுதான் சொன்னாள். அது சனிக்கிழமை. மருத்துவமனைக்குத் திங்கட்கிழமை போகலாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய மருத்துவர்கள் இருப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. "வடிவு இருந்தா நாடி பிடிச்சுப் பாத்திருப்பா" என்று அவள் மகளிடம் சொல்வது என்னைக் குறை கூறும் நோக்கத்தோடு சொன்னதாகத் தெரியவில்லை. ஆனால் கேட்பவர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பதும் இருக்கிறது. தொட்டில் சடங்கில் நாற்பது பேர் இருப்பார்கள். ஊர் பேசும்.

குறை கூறுவதாக இருந்தால் என் முகத்துக்கு நேரே கூறியிருக்கலாம். வீட்டில்தான் இருந்தேன்.

2023 ஆகஸ்ட் 26, சனிக்கிழமை
பதிவு எண் 9

சோதனை முடிந்த பிறகு சோதனைக் கோப்பை வைத்திருப்பது வழக்கமன்று. கணினியிலிருந்து நீக்கினேன். குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன்.

மற்ற பதிவுகளை அனுப்பும்போது இணைப்பு அறுந்துவிட்டது. காரணம் தொலைவாக இருக்கலாம். கைப்பேசியை அப்போது நான் பின்கட்டுக்கு, துவைக்கிற கல்லுக்கு, எடுத்துப் போயிருந்தேன். எதற்காக என்று நினைவில்லை.

மதில் வேலை முடிந்தது. அந்தப் பக்கம் எதுவும் தெரிவதில்லை. அவளும் கூப்பிடுவதில்லை.

சோறு குழைந்துவிட்டது. மோர் ஊற்றிச் சாப்பிட்டேன்.

2023 ஆகஸ்ட் 28, திங்கட்கிழமை, காலை 11.15 மணி
பதிவு எண் 10. வழிமுறைகளை நிறைவேற்றியது

கடைக்காரர் அச்சிட்டுக் கொடுத்த தாளை மீண்டும் எடுத்து வரிசையாகச் செய்தேன். அணைத்து இயக்குதல், பழைய இணைப்பை நீக்கிப் புதிதாக இணைத்தல், வலையமைப்பு அமைப்புகளை அழித்தல் எனத் தாளில் உள்ள ஒவ்வொன்றையும் செய்து பக்கத்தில் குறியிட்டேன். ஏழாவது முடிந்ததும் இணைப்பு கிடைத்தது. ஆனால் ஒரு முறை அறுந்த இணைப்பு மறுபடியும் அறுமா அறாதா என்று எவர் உறுதி கூற முடியும்?

எட்டாவது, "கைப்பேசியை ஆலை நிலைக்குத் திருப்புதல்". அது சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அடித்தலுக்குப் பக்கத்தில் அடித்தவரின் சுருக்கொப்பம் இல்லை, தேதியும் இல்லை. அத்தகைய அடித்தல் விதிப்படி செல்லாது. மூலவாசகமே நிற்கும். இதைக் கடைக்காரர் அறிந்திருக்க நியாயமில்லை. ஆனால் நான் அறியாதவன் அல்லன்.

தொடங்குமுன் பீர்முகமதுவே தற்செயலாகத் தொலைபேசியில் அழைத்தார். தன் கடையில் நான் விட்டு வந்த கண்ணாடிக் கூட்டைப் பற்றிச் சொல்வதற்காக.

"பாட்டெல்லாம் எடுத்தாச்சா சார்?"

"எட்டாவதைத் தவிர அனைத்தும் முடிந்தன."

"எட்டாவது எதுக்கு சார்? அதான் கனெக்ட் ஆயிருச்சுல்லா? அத வுடுங்க. அம்மா குரல் சார். போச்சுன்னா எங்க போய்க் கெடைக்கும்?"

கண்ணாடிக் கூட்டை நாளை வந்து பெற்றுக்கொள்வதாகச் சொல்லி வைத்துவிட்டேன்.

கைப்பேசியின் திரை, எல்லாத் தரவும் அழியும், தொடரவா என்று கேட்டது. ஆம் என்றேன். மீட்க முடியாது, உறுதியா என்று இரண்டாம் முறையும் கேட்டது. அந்தக் கேள்வி திரையில் சிறிது நேரம் நின்றது. ஒன்பதாவது பதிவின் பெயர் நினைவுக்கு வந்தது. இப்போது திறந்தால் யாருக்கு என்று தெரிந்துவிடும். தெரிந்த பிறகு தெரியாது என்று எழுத முடியாது.

ஆம் என்றேன்.

சற்று நேரம் திரை கறுத்திருந்தது. பின்பு வெளிச்சம் வந்து, வணக்கம் சொல்லி, எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. தமிழ் என்று தேர்ந்தேன். கணினியில் தேடியபோது "மங்கை அம்மா" என்ற பெயர் இல்லை. உற்பத்தியாளர் இட்ட எண்ணும் எழுத்தும் மட்டும் இருந்தன. இணைப்பு உடனே கிடைத்தது. கூடத்திலிருந்தும், அடுப்படியிலிருந்தும், துவைக்கிற கல்லிலிருந்தும் சோதித்தேன். ஓரிடத்திலும் அறவில்லை.

எரிவாயு உருளை வந்தது.

2023 ஆகஸ்ட் 30, புதன்கிழமை, ஆவணி 13, காலை 8.40 மணி
பதிவு எண் 11. அனுப்பிய கடிதத்தின் நகல்

அனுப்புநர்: ம. ஆவுடைநாயகம், கண்காணிப்பாளர் (ஓய்வு), பாளையங்கோட்டை.
பெறுநர்: திருமதி மங்கையர்க்கரசி, தூத்துக்குடி.
பொருள்: காலஞ்சென்ற பிரமநாயகியின் கைப்பேசி.
பார்வை: 17.8.2023 அன்று தேதியிட்டு ஏற்கப்பட்ட உன் மனு, 23.8.2023 அன்று நேரில் கொடுக்கப்பட்ட என் வாக்கு.

பார்வையில் கண்டவற்றின் தொடர்ச்சியாக இதை எழுதுகிறேன். மேற்படி கைப்பேசிக்கும் என் கணினிக்கும் இடையே இருந்த இணைப்புச் சிக்கல், உரிய வழிமுறைகள் அனைத்தும் முறைப்படி நிறைவேற்றப்பட்டதன் பயனாக முற்றிலும் தீர்ந்துவிட்டது. அந்த வழிமுறைகளுள் ஒன்றின் விளைவாகக் கருவியில் முன்பிருந்த பதிவுகள் தற்போது இல்லை. இது அவ்வழிமுறையின் இயல்பே அன்றி வேறு காரணம் எதுவும் இல்லை. சடங்கு நாளை என்பதால் இன்றே தூத்துக்குடிக்குச் செல்லும் தனி ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன். வாக்களித்த தேதிக்குள் வாக்களித்த பொருள் உன் கையில் சேரும்.

தொட்டிலில் பாட உங்கள் பக்கத்தில் யாரேனும் இருப்பார்கள் என நம்புகிறேன். பெண்கள் எல்லோருக்கும் தாலாட்டுத் தெரியும்.

குழந்தையின் பெயரைத் தெரிவிக்கத் தேவையில்லை. ஆசிகள்.

இத்துடன் வைத்திருப்பவை:

1. கைப்பேசி ஒன்று, துடைத்துத் தூய்மை செய்யப்பட்டு, இயங்கும் நிலையில்.
2. மின்னேற்றி ஒன்று, ரப்பர் வளையத்துடன்.
3. கைப்பேசி என் பெயரில் வாங்கப்பட்டதற்கான ரசீதின் நகல், உரிமை மாற்றக் குறிப்புடன்.
4. நடவடிக்கை முடிந்தமையால் திருப்பி அனுப்பப்படும் உன் மனு.
5. மேற்படி கைப்பேசியினுள், இணைப்பு சரியாக உள்ளது என்பதற்குச் சான்றாக, கணினியிலிருந்து நான் அனுப்பிச் சேர்த்த கோப்பு ஒன்று: பணி ஓய்வு நாளில், கோட்டு அணிந்து, தனியே எடுத்துக்கொண்ட என் நிழற்படம். கருவியில் இப்போது உள்ளது அது ஒன்றே.